மழையே கம்மியான ஊர்

வீடு வீடாகப் போய், "உங்க ஊரு உங்களுக்குத் திருப்தியா இருக்குதா?" என்று கேட்டு எழுதுவதும் ஒரு பிழைப்புதான், கேட்கிறவருக்கு உட்கார ஒரு நாற்காலி கிடைத்துவிட்டால் அன்றைக்கு அவருக்கு அதுவே திருப்தி.

ஓட்டர் லிஸ்ட் சரிபார்க்கப் போனவர்கள், காய்ச்சல் கணக்கெடுக்கப் போனவர்கள், தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷினை விற்கப் போனவர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது புரியும். கேட்டைத் தட்டிவிட்டு, ஒரு கண்ணை வாசல் மேலும் ஒரு கண்ணை நாய் மேலும் வைத்துக்கொண்டு நின்றவர்கள் நாமெல்லாம். உள்ளேயிருந்து "யாரு?" என்று குரல் வரும்போது, நாம் யார் என்று நமக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிடும்.

இருபத்திரண்டு வருஷம் புனேயில் வேலை பார்த்துவிட்டு, நாற்பத்தெட்டு வயதில் திருவண்ணாமலைக்குத் திரும்பி வந்தேன். தமிழும் இங்கிலீஷும் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த ஆள் வேண்டும் என்று வேங்கிக்காலில் ஒரு தனியார் ஆய்வு நிறுவனம் கூப்பிட்டது. பத்தாவது வரைக்கும் தமிழிலும் அதற்கு மேல் இங்கிலீஷிலும் படித்ததற்கு ஒரு உபயோகம் வந்தது என்று போய்ச் சேர்ந்தேன். இங்கிலீஷில் வந்த இருபத்தேழு கேள்விகளைத் தமிழில் எழுதியது நான். அவற்றைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனதும் நான். ஆகவே இதில் யார் மேல் எனக்கு எவ்வளவு கோபம் வந்தாலும், அதில் ஒரு பங்கு எனக்கே சேரும்.

பௌர்ணமியில் அமைதி

முதல் நாள் அடி அண்ணாமலையில். யாரோ சென்னையில் உட்கார்ந்து போட்ட அட்டவணை. அன்றைக்குப் பௌர்ணமி என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? கிரிவலப் பாதை முழுக்க ஜனம். பாதையோரத்தில் டீக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மாவிடம் நான்காவது கேள்வியைக் கேட்டேன்: "உங்கள் பகுதியின் அமைதியான சூழல் உங்களுக்கு எந்த அளவுக்குத் திருப்தி அளிக்கிறது?" பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர், எதிரே பஜனை கோஷ்டி, நடுவில் பஸ் ஹாரன். அவர் இரண்டு கையாலும் டீ ஆற்றிக்கொண்டே, "நல்லா இருக்கு, எல்லாம் நல்லா இருக்கு" என்றார். இருபத்தேழு கேள்விக்கும் அதே பதில். எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டு அனுப்பினேன். ஐந்து என்றால் மிகவும் திருப்தி, ஒன்று என்றால் கொஞ்சமும் இல்லை.

மறுநாள் காலையில், அங்கே மறந்து வைத்த கண்ணாடிக் கூட்டை எடுக்கப் போனேன். பாதை காலியாக இருந்தது. ஸ்டூலைத் தள்ளி உட்காரச் சொன்னார். உட்கார்ந்த பிறகு வந்தது நிஜமான பதில். மாசத்துக்கு இரண்டு நாள் வீட்டு வாசலைத் திறக்க முடியாது. சுவர் ஓரமெல்லாம் அசிங்கம் பண்ணி வைக்கிறார்கள். உடம்புக்கு முடியாத வீட்டுக்காரரை அந்த இரண்டு நாளும் வெளியே கூட்டிப்போக வழியில்லை. ஆனால் அந்த இரண்டு நாள் வியாபாரத்தில்தான் மாசம் முழுக்க வீடு ஓடுகிறது. முக்கால் மணி நேரம் பேசினார். "இதையெல்லாம் நேத்து ஏன் சொல்லலைங்க?" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

"நேத்து நீங்க நின்னுக்கினு கேட்டீங்க. நின்னுக்கினு கேக்கறவங்களுக்கு நல்லா இருக்குனுதாங்க சொல்லணும், அப்பதான் நகருவாங்க."

பன்னிரண்டு நிமிஷம்

அந்தக் கோபத்தோடு வேங்கிக்கால் அலுவலகத்துக்குப் போனேன். மாடியில் இரண்டு அறை, ஒரு ஏ.சி., எங்களுக்கெல்லாம் மேலே ஒரு சூப்பர்வைசர். இருபத்தாறு வயது, மரியாதையான பிள்ளை. ஒரு கிராமத்திலும் செருப்பைக் கழற்றி உட்கார்ந்ததில்லை. டீக்கடைக்கார அம்மாவின் பதில்களைத் திருத்த வேண்டும் என்றேன். டேப்லெட்டில் அனுப்பு என்ற பொத்தானை அழுத்திவிட்டால் கடவுளே வந்தாலும் திருத்த முடியாது என்று விளக்கினார்.

அப்போதுதான் இந்த ஆய்வு எதற்கு என்பதையும் சொன்னார். ஒரு அறக்கட்டளை இதற்கு நிதி கொடுக்கிறது. நாங்கள் போகும் கிராமங்களில் மதிப்பெண் மிகக் குறைவாக வரும் மூன்று ஊர்களுக்கு, ஊருக்கு ஒன்றாக, வேண்டியதைக் கட்டித் தருவார்கள். தண்ணீர்த் தொட்டியோ, மருத்துவ அறையோ, சின்னப் பாலமோ, எது குறையோ அது. இதை மட்டும் ஜனங்களிடம் மூச்சு விடக் கூடாது. சொன்னால் எல்லோரும் ஒன்று போட்டுவிடுவார்களாம். எதற்கென்று சொல்லாமல் ஒருத்தர் வீட்டுக் கக்கூஸ் வரைக்கும் விசாரித்தால் அவர்கள் நம்மை என்னவென்று நினைப்பார்கள் என்று கேட்டேன். அது நல்ல கேள்வி. அதற்கான பதிலை நான் கண்டுபிடிக்கப் பின்னால் இரண்டு மாசம் ஆயிற்று. அன்றைக்கு அவர் வாட்சைக் காட்டி, ஒரு வீட்டுக்குப் பன்னிரண்டு நிமிஷம்தான் என்றார்.

"மக்கள் மனசு விட்டுப் பேச ஆரம்பிச்சா, மேடம், நைஸா அடுத்த கேள்விக்குப் போயிடுங்க."

ஆரஞ்சு கலர்

ஆவணி மாசம். கீழ்பென்னாத்தூரைத் தாண்டி, மெயின் ரோட்டை விட்டு நாலு கிலோமீட்டர் உள்ளே ஒரு ஊர். பெயர் வேண்டாம், ஏன் வேண்டாம் என்பது போகப் போகத் தெரியும். ஊருக்குள் போக ஒரே வழி, ஒரு ஓடைக்குக் குறுக்கே போட்ட தரைப்பாலம். ரோடு மட்டத்துக்கே சிமென்ட் தளம். தண்ணீர் வந்தால் அதன் மேலேயே ஓடும். நான் போன அன்று ஓடை காய்ந்து கிடந்தது. தளத்தின் மேல் நாலு ஆடு படுத்திருந்தது. ஸ்கூட்டரைக் கொஞ்சம் வளைத்து ஓட்டிக் கடந்தேன். பாலம் என்று ஒன்று இருந்ததே மனசில் பதியவில்லை.

முதல் வீடு கஸ்தூரியம்மாவுடையது. ஐம்பத்தைந்து வயது இருக்கும். வாசலில் வேர்க்கடலை காய வைத்துக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தார். நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டார். எங்கிருந்தோ ஆரஞ்சு கலர் பாட்டிலும் பிஸ்கட்டும் வந்தது. பக்கத்து வீட்டு ஏழுமலை, துண்டை உதறித் தோளில் போட்டபடி வந்து தூணோரம் நின்றார். இத்தனை மரியாதை எனக்கு இந்தத் தொழிலில் கிடைத்ததே இல்லை. "ஊரைப் பத்தி ஒரு ஆய்வு, அதுக்காக வந்திருக்கேன்" என்றேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். "ஆய்வுதானே, நல்லாக் கேளுங்க" என்றார் கஸ்தூரியம்மா.

வீட்டில் எத்தனை பேர் என்றேன். "நானும் பையனும்தாங்க. அவங்க அப்பா போன ஐப்பசியில தவறிட்டாரு. ஹார்ட்டு." தண்ணீர்? "இளநி தோத்துடும்." தெருவிளக்கு? "ராத்திரியில ஊசி கோக்கலாம்." பஸ்? "கையக் காட்னா நிக்கும்." ஐந்து, ஐந்து, ஐந்து. பிறகு பத்தொன்பதாவது கேள்வி: "மழைக்காலத்தில் ஊருக்கு வந்து போவதில் உங்களுக்கு எந்த அளவுக்குத் திருப்தி?" ஏழுமலை இருமினார். பிறகு திரும்பித் தெருவைப் பார்த்தார். கஸ்தூரியம்மா என் டம்ளரில் மறுபடியும் கலரை ஊற்றினார். நிரம்பி வழிகிற வரைக்கும் ஊற்றிவிட்டுச் சொன்னார்:

"இங்க மழையே கம்மிதாங்க."

தங்கமான பையன்

அன்றைக்கு நாற்பத்தோரு வீடு. நாற்பத்தொன்றிலும் ஐந்து. எந்த வீட்டிலும் என்னை நிற்க வைத்து அனுப்பவில்லை. இன்னொரு விசேஷம், கேட்காமலே எல்லோரும் கஸ்தூரியம்மா மகனைப் பற்றிச் சொன்னார்கள். "உங்கள் அக்கம்பக்கத்தாரை எந்த அளவுக்கு நம்புகிறீர்கள்?" என்பது இருபத்திரண்டாவது கேள்வி. ஏழுமலை வீட்டில் அதைக் கேட்டதும், "சிவகுமாரா? தங்கமான பையங்க. முப்பத்திமூணு வயசு, ஒரு பீடி கெடையாது. சொந்த டிராக்டர், கடன் கெடையாது" என்றார். எதிர்வீட்டில், "கோவம்னா இன்னானே அந்தப் பையனுக்குத் தெரியாது" என்றார்கள். ஒரு ஊரே ஒரு பையன் மேல் இவ்வளவு பாசமாக இருக்கிறதே என்று நெகிழ்ந்து போய், குறிப்புப் பகுதியில் "சமூக ஒற்றுமை மிக அதிகம்" என்று எழுதினேன். புனேயில் என் அடுக்குமாடியில் எதிர்க் கதவுக்காரர் பெயர் எனக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. அதையும் நினைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது கஸ்தூரியம்மா ஒரு பை வேர்க்கடலையை ஸ்கூட்டரில் மாட்டினார். "உங்களுக்குப் பொண்ணு இருக்குதுங்களா?" என்றார். ஒரே பெண், பெங்களூரில் எம்.காம். படிக்கிறாள் என்றேன். அவர் முகத்தில் ஒரு கவலை வந்து, போனது. என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னதை நான் வார்த்தை மாறாமல் டேப்லெட்டில் ஏற்றி, பக்கத்தில் "பெண் கல்வியை மதிக்கும் ஊர்" என்றும் போட்டேன். எழுதும்போது எனக்குக் கண் கலங்கியதை இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

"படிப்பு ஜாஸ்தியா இருந்தா இன்னாங்க, எங்களுக்கு மனசுதான் முக்கியம்."

டிராக்டர் மேல் ஒரு விளக்கம்

ஐப்பசியில் அலுவலகத்தில் ஒரே குதூகலம். எங்கள் ஆய்விலேயே அதிக மதிப்பெண் அந்த ஊருக்குத்தான். அறக்கட்டளை பாராட்டி ஒரு பலகை செய்து அனுப்பியிருந்தது. நீல நிறத் தகரத்தில் வெள்ளை எழுத்து, "மகிழ்ச்சியான கிராமம்." ஊர் எல்லையில் அதை வைத்து, ஜனங்களை நிறுத்தி, போட்டோ எடுத்து வர வேண்டியது என் வேலை. இரண்டு நாளாக மழை. ஒரு ஆட்டோவில் பலகையை ஏற்றிக்கொண்டு போனேன். ஓடைக்கரையில் ஆட்டோ நின்றுவிட்டது. தரைப்பாலம் இருந்த இடத்தில் செம்மண் நிறத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. தளம் எங்கே, ஓடை எங்கே என்றே தெரியவில்லை. அக்கரையில் பள்ளிப் பைகளைத் தலையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் நின்றார்கள்.

இக்கரையில் ஒரு டிராக்டர். பால் கேன்களை இறக்கிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துக் கீழே இறங்கினார். சிவகுமார்தான். கொஞ்சம் தயங்கி, "அம்மா உங்களைத்தான் கேட்டுக்கினே இருக்காங்க. புடிக்கலனா புடிக்கலனு சொல்லிடலாங்களே, நாங்க ஒண்ணும் தப்பா எடுத்துக்க மாட்டோம்" என்றார். எது பிடிக்கவில்லை என்றேன். "பொண்ணு விஷயம்" என்றார். ஒன்றும் புரியாமல் நின்றேன். என் முகத்தைப் பார்த்து அவருக்குத்தான் முதலில் புரிந்தது. டிராக்டர் சக்கரத்தில் கையை ஊன்றிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

இந்தப் பக்கமெல்லாம் பெண் வீட்டுக்காரர்கள் இப்போது நேராக வந்து விசாரிப்பதில்லையாம். ஒருத்தர் கடலை வாங்குகிற மாதிரி வந்தார். இன்னொருத்தர் இன்ஷூரன்ஸ் என்று வந்தார். தெருவில் நாலு பேரிடம் பேச்சுக் கொடுத்து, ஓடையில் தண்ணீர் வந்தால் ஊர் நாலு நாள் தீவாகிவிடும் என்று தெரிந்துகொண்டு, அப்படியே திரும்பிப் போனார்கள். மூன்று சம்பந்தம் அப்படிப் போயிற்று. அதனால் அடுத்து யார் வந்து எதைக் கேட்டாலும் ஊரை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று தெருவே பேசி வைத்திருந்தது. அப்போது பார்த்து, நல்ல புடவையும் கைப்பையுமாக, கக்கூஸிலிருந்து அக்கம்பக்கம் வரைக்கும் விசாரித்துக்கொண்டு நான் போய் இறங்கியிருக்கிறேன். "உங்க அப்பா ஹார்ட்டுலதானே போனார்?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்ததால் இருக்கலாம். போன ஐப்பசியில் இதைவிட அதிகத் தண்ணீர் என்றார், டிராக்டர்கூட இறங்க முடியாது. நெஞ்சு வலி. போன் பண்ணியதும் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, இந்தக் கரைக்கு. கட்டிலோடு தோளில் தூக்கிக்கொண்டு நாலு பேர் இறங்கினார்கள். மார்பு வரைக்கும் தண்ணீர். கட்டிலின் முன்கால் ஒன்றைப் பிடித்தது ஏழுமலை. வரப்புத் தகராறில் அதுவரை இரண்டு வருஷமாக அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்.

"கரைக்குக் கொண்டாந்துட்டோம் மேடம். வண்டியில ஏத்தறதுக்குள்ளதான்."

பலகையா, பாலமா

பலகையை ஆட்டோவிலேயே விட்டுவிட்டு டிராக்டரில் அக்கரைக்குப் போனேன். பால் சொசைட்டிக் கட்டடத்தில் ஜனம் கூடியது. விதியை மீறி எல்லாவற்றையும் சொன்னேன். நான் யார், எதற்கு வந்தேன், குறைவான மதிப்பெண் வாங்கிய ஊருக்குப் பாலம் கட்டித் தருவார்கள் என்பது, இவர்கள் ஊர்தான் முதல் மார்க் என்பது. நல்ல வசவு கிடைத்தது. "இதை அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாங்க? கலர் குடிச்சீங்க இல்ல?" என்று ஒருத்தர் கேட்டார். காய்ந்த ஓடையைப் பார்த்தும் பாலத்தைப் பார்க்காமல் போனவள் நான். ஒரு விதவையிடம் மழையைப் பற்றிக் கேட்டு, அவர் தடுமாறியதைப் பார்த்தும், நேரமாகிறது என்று இருபதாவது கேள்விக்குத் தாவியவள்.

மறு ஆய்வு வேண்டும் என்று ஊர் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுத்தால் கேட்டுப் பார்க்கலாம் என்றேன். அங்கேதான் இழுபறி. கல்யாண வயதில் பையன் இருக்கும் வீட்டுக்காரர்கள் யாரும் பேனாவைத் தொடவில்லை. மனு வாட்ஸ்அப்பில் போகும். பெண் வீட்டுக்காரர்கள் இப்போது அதைத்தான் பார்க்கிறார்கள். ஊருக்கே சீல் குத்திய மாதிரி ஆகிவிடும் என்றார்கள். "அந்தப் பலகைய மட்டும் வெச்சிட்டுப் போங்களேன், நாலு பேர் பாத்தா நல்லதுதானே" என்று ஒருத்தர் சொன்னார். ஏழுமலை துண்டை உதறினார். "வெச்சிக்க. பொண்ணு வரும். ஓடையில தண்ணி வரும்போது அந்தப் பலகையப் புடிச்சிக்கினு மெதந்தே வரட்டும்."

கஸ்தூரியம்மா அதுவரைக்கும் என்னைப் பார்க்கவே இல்லை. எழுந்து வந்து என் கையிலிருந்த பேனாவை வாங்கி, மகனை ஒரு தடவை பார்த்தார். சிவகுமார் தலையை ஆட்டினார். முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டு, பேனாவைத் திருப்பித் தரும்போது சொன்னார்:

"எம் புள்ளைக்கு பொண்ணு அமையலனா அமையாம போகுது. அவங்க அப்பா போன காரணம் எழுதற எடத்துல ஹார்ட்டுனு எழுதாதீங்க, ஓடைனு எழுதுங்க."

ஒன்றுக்கு நடுவே ஒரு ஐந்து

சூப்பர்வைசர் மனுவை இரண்டு தடவை படித்தார். வருத்தப்பட்டார்; அதை மறுக்க மாட்டேன். பிறகு, "அவங்களே திருப்தினு சொல்லியிருக்காங்க மேடம், அதை நாம எப்படி இல்லனு மாத்தறது?" என்றார். ஒரு வாரம் தினமும் அவர் மேஜை முன்னால் போய் உட்கார்ந்தேன். கடைசியில் மறு ஆய்வுக்கு ஒப்புக்கொண்டார்கள். ரகசியத்தைச் சொன்னதால் நான் போகக் கூடாது. வேறொரு பெண்ணை அனுப்பினார்கள். பலகையை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடுத்து அதிக மார்க் வாங்கிய ஊருக்கு அது போயிற்று.

இந்தத் தடவை ஊர் கூடிப் பேசி, எல்லாவற்றுக்கும் ஒன்று என்று முடிவு பண்ணியிருந்தது. தண்ணீர் ஒன்று, விளக்கு ஒன்று, பஸ் ஒன்று. கஸ்தூரியம்மாவும் ஒன்று ஒன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாராம். இருபத்திரண்டாவது கேள்வி, அக்கம்பக்கத்தாரை நம்புகிறீர்களா என்பது வந்ததும் நின்றுவிட்டார். அஞ்சு என்றார். ஏழுமலையே பக்கத்தில் நின்று, "ஒண்ணுனுதானே பேசி வெச்சோம், சொல்லு" என்று பல்லைக் கடித்திருக்கிறார். "கட்டில் காலப் புடிச்சவனுக்கு ஒண்ணு போட என்னால ஆகாது. நீ வேணும்னா வரப்ப இன்னும் ரெண்டடி தள்ளிப் போட்டுக்க" என்று சொல்லிவிட்டாராம். ஆய்வுக்குப் போன பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எனக்குத் தெரிந்து, இரண்டு ஆய்விலும் சேர்த்து அந்த ஊரிலிருந்து வந்த பதில்களில் முழுக்க முழுக்க உண்மை என்று நான் சத்தியம் பண்ணக்கூடியது அந்த ஒரு ஐந்துதான். ஒரு ஊரில் எதை நம்பி ஜனங்கள் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கத்தான் இத்தனை டேப்லெட், இத்தனை பயணம். அந்தப் பதில் வந்து சேர்ந்த அன்றைக்கு, அதைத்தான் சிவப்பு நிறத்தில் காட்டியது கம்ப்யூட்டர். கஸ்தூரியம்மாவின் படிவம் "முரண்பாடு" என்று ஒதுக்கப்பட்டது. மற்ற வீடுகளின் ஒன்றுகளையும் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. பழைய ஐந்தையும் புது ஒன்றையும் கூட்டிச் சராசரி எடுத்தார்கள். மூன்று வந்தது. மூன்று என்றால் "ஓரளவு திருப்தி." பலகையும் கிடையாது, பாலமும் கிடையாது. நான் கத்தினேன் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள், இருக்கலாம். சூப்பர்வைசர் மட்டும் குரலை உயர்த்தவில்லை.

"எல்லாத்துக்கும் ஒண்ணு போட்டவங்க பக்கத்து வீட்டுக்கு மட்டும் அஞ்சு போட்டா சிஸ்டம் அதை நம்பாது மேடம்."

மூன்று

அந்த வாரமே வேலையை விட்டேன். ஆனாலும் அதைப் போய்ச் சொல்ல வேண்டிய கடமை எனக்கிருந்தது. கார்த்திகையில் மழை விட்டிருந்த ஒரு நாள் போனேன். ஓடையில் முழங்கால் அளவு தண்ணீர். இரண்டு கரையிலும் கல் தூண் நட்டு, குறுக்கே ஒரு கம்பி வடத்தை இழுத்துக் கட்டியிருந்தார்கள். சிவகுமாரும் ஏழுமலையும் இன்னும் சில பேரும் சேர்ந்து செய்தது. பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறார்கள். நானும் பிடித்துக்கொண்டுதான் போனேன். நடுவில் ஒரு இடத்தில் கால் வழுக்கியது. அங்கேதான் கட்டிலைத் தூக்கிவந்தவர்களும் தடுமாறியிருப்பார்கள் என்று தோன்றியது, சீக்கிரம் கரையேறினேன்.

கஸ்தூரியம்மா கடலைச் செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார். இந்தத் தடவை புடவை மாற்றவில்லை. கலரும் இல்லை, ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தார். இளநீர் மாதிரி எல்லாம் இல்லை, உப்புக் கரித்தது. பக்கத்தில் உட்கார்ந்து நானும் காய் ஆய்ந்தேன். மூன்று என்று வந்ததைச் சொன்னேன். அது எப்படி வந்தது என்பதையும் சொன்னேன். கூட்டி இரண்டால் வகுத்தது என்றதும் கையை நிறுத்திவிட்டு, "எதைக் கூட்டி?" என்றார். அவர்கள் கூட்டியதில் அவருடைய ஐந்து இல்லை என்பதையும் சொன்னேன். இதற்கு மேல் ஒளித்து வைக்க என்ன இருக்கிறது?

அவர் கோபப்படவில்லை. எனக்கு அது வேண்டியிருந்தது, அவர் தரவில்லை. திங்கட்கிழமை வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்கு ஊரோடு போகிறோம், அதற்கு நீங்கள் மனு எழுதிக் கொடுங்கள் என்றார். தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று எழுதிக் கொடுத்தேன். அந்த வேலையை விட்ட பிறகு நான் செய்த முதல் உருப்படியான காரியம். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. அன்றைக்கு நான் கிளம்பும்போது கஸ்தூரியம்மா ஓடைக்கரை வரைக்கும் கூடவே வந்தார். நான் கம்பியைப் பிடித்தேன். பிறகு, யாரையும் குறை சொல்கிற குரலில் இல்லாமல், கணக்குப் புரியாத ஆள் கேட்கிற மாதிரி கேட்டார்:

"அஞ்சுனு பொய் சொன்னோம், ஒடனே நம்பிட்டாங்க. ஒண்ணுனு அழுதா மட்டும் ஏங்க நம்ப மாட்டேன்றாங்க?"

ஜனங்களின் திருப்தியை அளக்கப் போன நான் உருப்படியாக அளந்து வந்தது, ஒரு தாய் பிள்ளைக்காக எவ்வளவு தூரம் பொய் சொல்வாள் என்பதையும், அந்தப் பொய்யை ஒரு அலுவலகம் எவ்வளவு பத்திரமாக வைத்துக் காப்பாற்றும் என்பதையும்தான்.